ஒரே கம்பியில் எத்தனை சாதனங்கள்?



அம்மியும் ஆட்டுக்கல்லும் விறகடுப்பும் நம் வீடுகளில் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றின் இடத்தில் மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்கெட்டில், குளிர்பதனப் பெட்டி, கீசர், இஸ்திரிப் பெட்டி எனப் பல சாதனங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் இவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொண்டுவரும் கம்பி மட்டும் பல வீடுகளில் அன்று இழுத்ததாகவே சுவருக்குள் இருக்கிறது. இரண்டு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் மிக்சிக்கும் என்று எண்ணிப் போட்ட கம்பி, இன்று ஒரு சிறு உணவு விடுதிக்கு வேண்டிய அளவு பளுவைச் சுமக்கிறது.

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தைச் சொல்கிறார். நம் வீட்டு மின்கம்பிக்கும் இது முற்றிலும் பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அச்சு முறிந்தால் ஓசை கேட்கும், வண்டி நின்றுவிடும். கம்பி சூடேறும்போது ஓசை கேட்பதில்லை, சாதனங்களும் நிற்பதில்லை. எரிந்த நாற்றம் வந்த பிறகே நமக்குத் தெரிகிறது.

காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அந்தக் கம்பியின் முன் நின்று வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் தாய்மாரும் நாமுந்தான். ஆனால் ஃப்யூஸ் பெட்டியைப் பற்றிய பேச்சு வந்தால், “அதெல்லாம் உனக்கு எதற்கு? அண்ணன் வந்து பார்த்துக்கொள்வான்” என்று சொல்லி விடுகிறார்கள். பயன்படுத்துகிறவருக்கே அறிவு முதலில் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல், கூட்டல் மூன்றும் தெரிந்தால் போதும். வாருங்கள், கற்போம்.

மூன்று அளவுகள்

மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை. இதன் அளவு வோல்ட். மாடித் தொட்டியின் உயரம் குழாயில் நீரைத் தள்ளுவதுபோல இது மின்சாரத்தைக் கம்பியில் தள்ளுகிறது. நம் நாட்டு வீடுகளில் இது 230 வோல்ட்.

மின்னோட்டம் என்பது கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு. குழாயில் ஓடும் நீரின் அளவைப் போன்றது. இதனை ஆம்பியரில் அளக்கிறோம்.

மின்திறன் என்பது சாதனம் ஒவ்வொரு வினாடியும் செலவிடும் ஆற்றல். இதன் அளவு வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஆகவே வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இந்த ஒரு கணக்கே இப்பாடத்தின் திறவுகோல்.

ஒவ்வொரு சாதனத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வழக்கமாகக் காணப்படும் சில அளவுகள் வருமாறு:

எல்.இ.டி. விளக்கு – 9 வாட் – 0.04 ஆம்பியர்
மின்விசிறி – 75 வாட் – 0.33 ஆம்பியர்
குளிர்பதனப் பெட்டி – 200 வாட் – 0.9 ஆம்பியர்
மிக்சி – 750 வாட் – 3.3 ஆம்பியர்
இஸ்திரிப் பெட்டி – 1000 வாட் – 4.3 ஆம்பியர்
மின்கெட்டில் – 1500 வாட் – 6.5 ஆம்பியர்
இண்டக்‌ஷன் அடுப்பு – 2000 வாட் – 8.7 ஆம்பியர்
கீசர் – 2000 வாட் – 8.7 ஆம்பியர்

இப்பட்டியலை நிதானமாகப் பாருங்கள். நூறு எல்.இ.டி. விளக்குகள் சேர்ந்தாலும் 900 வாட்தான்; ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு அவை ஈடாவதில்லை. எத்தனை பிளக்குகள் செருகியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. எத்தனை வாட் என்று கூட்டிப் பார்ப்பதே முறை. இன்னோர் உண்மையும் இதில் தெரிகிறது. பெரும்பசி உடையவை எல்லாம் வெப்பம் உண்டாக்கும் சாதனங்களே. நீரைச் சுட வைப்பது, துணியைச் சுட வைப்பது, பாத்திரத்தைச் சுட வைப்பது ஆகிய வேலைகளைச் செய்பவற்றிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கம்பி ஏன் சூடாகிறது?

ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பையே மின்தடை என்கிறோம். அதன் அளவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. பின்னர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அருகே வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல், கம்பியில் உண்டாகும் வெப்பத்தை அளந்து, 1841-இல் தம் முடிவை வெளியிட்டார். ஒரு வினாடியில் கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியதற்குச் சமம் என்பதே அது.

‘வர்க்கம்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. மின்னோட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு ஆகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12.1 ஓம். ஃப்யூஸ் பெட்டியிலிருந்து சமையலறைக்கு 10 மீட்டர் தூரம் எனக் கொள்வோம். போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர் கம்பி. அதன் மின்தடை 0.242 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால், 10 × 10 × 0.242, அதாவது 24 வாட் வெப்பம் கம்பி நெடுகப் பரவுகிறது. இது பெரிதன்று. ஆனால் 20 ஆம்பியர் ஓடினால் 97 வாட் வெப்பம் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கம்பியைச் சுற்றியுள்ள பி.வி.சி. உறை பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரையில் தாங்குமாறு செய்யப்பட்டது. அதற்கு மேல் நாள்தோறும் சூடானால் உறை இறுகி, வெடித்து, உதிரத் தொடங்கும். அன்றே தீப்பிடிக்காது. ஆயினும் ஒவ்வொரு நாளும் கம்பியின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது.

கம்பி தடிமனாக இருந்தால் மின்தடை குறையும். ஆகையால்தான் விளக்கு, மின்விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், பவர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், கீசர், குளிரூட்டும் இயந்திரம் போன்றவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போடுவது வழக்கமாகியுள்ளது.

வாசலில் நிற்கும் காவலாளி

கம்பியைக் காப்பதற்காக ஒவ்வொரு மின்சுற்றின் தொடக்கத்திலும் ஒரு காவலாளி நிற்கிறார். பழைய வீடுகளில் இவர் பீங்கான் ஃப்யூஸ். மின்னோட்டம் மிஞ்சினால் அதிலுள்ள மெல்லிய கம்பி உருகி அறுந்து, வழியை அடைத்துவிடும். இன்று பெரும்பாலான வீடுகளில் எம்.சி.பி. என்னும் சிறு ஸ்விட்ச் இந்த வேலையைச் செய்கிறது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவரின் நிறுவனத்தில் 1924-இல் உருவான கருவியே இதற்கு முன்னோடி.

எம்.சி.பி.க்குள் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று, இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. மின்னோட்டம் சற்றே மிஞ்சினால் இது மெல்லச் சூடாகி வளைந்து, ஸ்விட்சை விழச் செய்யும். மற்றொன்று, ஒரு மின்காந்தச் சுருள். இரு கம்பிகள் நேரே தொட்டுக்கொண்டு மின்னோட்டம் பல மடங்கு பாயும்போது, இது கண்ணிமைப்பதற்குள் ஸ்விட்சைத் தட்டிவிடும்.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. 16 ஆம்பியர் என்று எழுதிய எம்.சி.பி., 16 ஆம்பியரைத் தாண்டிய உடனே விழுந்துவிடும் என்று எண்ணுகிறோம். அப்படியன்று. தர விதிகளின்படி, எழுதியுள்ள அளவைப்போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் ஓடினாலும், அது ஒரு மணி நேரம் வரை விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். குளிர்பதனப் பெட்டியோ தண்ணீர் மோட்டாரோ ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும்; அதற்கெல்லாம் விழுந்துகொண்டிருந்தால் வீட்டில் வேலை நடவாது. ஆகவேதான் இந்தச் சலுகை. எம்.சி.பி. விழவில்லை என்பதனால் மட்டும், கம்பி சுகமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது.

ஆர்.சி.சி.பி. என்று இன்னொரு காவலாளியும் உண்டு. மின்சாரம் வழிதவறி ஒருவர் உடல் வழியே தரைக்குப் பாய்ந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை இது துண்டித்துவிடும். உயிர் காக்கும் கருவி இது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் பளு மிகுந்தால் இதற்குத் தெரியாது. இருவரின் வேலையும் வேறு வேறு. ஒருவர் மற்றவருக்கு மாற்றாக மாட்டார்.

காவலாளியின் கண்ணுக்குத் தெரியாதவை

முதலாவது, எக்ஸ்டென்ஷன் பெட்டி. இதில் நான்கு துளைகள் இருப்பதால் நான்கு சாதனங்கள் செருகலாம் என்று எண்ணிவிடுகிறோம். சாதாரணப் பெட்டி மொத்தமாகவே 6 ஆம்பியருக்கு உரியது. அதன் வயரும் மெல்லியது. அதில் கெட்டிலையும் மிக்சியையும் சேர்த்து ஓட்டினால் 9.8 ஆம்பியர் பாய்கிறது. சுவருக்குள் உள்ள எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு உரியதாக இருந்தால், அதற்கு இது மிகச் சிறிய பளு, அது அசையாது. பெட்டியின் வயரோ தன் அளவுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் சுமந்து கொதிக்கிறது. இத்தகைய பெட்டியை இன்னொரு பெட்டியில் செருகுவதும், வயரைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்துவதும், பாய்க்கும் விரிப்புக்கும் அடியில் மறைத்து ஓட்டுவதும் ஆபத்தை மேலும் பெருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும்.

இரண்டாவது, தளர்ந்த இணைப்பு. சாக்கெட்டில் பிளக் ஆடுகிறதா? அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பொதுவாக 25 வாட்தான். அப்படியானால் நம் சாக்கெட்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதையும் எம்.சி.பி. அறியாது, மின்னோட்டம் அளவுக்குள்ளேதான் இருக்கிறது.

மூன்றாவது, மாற்றுப் பிளக். பெரிய மூன்று முனைப் பிளக் 16 ஆம்பியருக்கும், சிறியது 6 ஆம்பியருக்கும் உரியவை. பெரியோர் இவற்றை 15 ஆம்பியர், 5 ஆம்பியர் என்று சொல்வதைக் கேட்டிருப்போம். பெரியது சிறிய துளையில் நுழையாதபடி செய்தது ஒரு காரணத்தோடுதான். கடையில் விற்கும் மாற்றுப் பிளக்கை இடையில் வைத்து, பெரிய சாதனத்தைச் சிறிய துளையில் மாட்டினால் அந்தக் காப்பு அழிகிறது.

பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை

மிகச் சிறந்த வழி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, குளிரூட்டும் இயந்திரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் பெட்டியிலிருந்தே தனி மின்சுற்று அமைப்பதுதான். புது வீடு கட்டும் பெற்றோர் இதனை முதலிலேயே வயர்மேனிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் எல்லாரும் உடனே கம்பி மாற்ற இயலாது. வாடகை வீட்டில் இருப்போர் பலர். அவர்கள் என் செய்வது? இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு விளக்கு மின்சுற்றில் பத்து முனைகள் அல்லது 800 வாட், ஒரு பவர் மின்சுற்றில் இரண்டு முனைகள் அல்லது 3000 வாட் என்று தொழிற்கல்விப் பாடங்களில் கற்பிக்கும் விதி ஒன்று உண்டு. 16 ஆம்பியரில் நூற்றுக்கு 80 பங்கு 12.8 ஆம்பியர், அதை 230ஆல் பெருக்கினால் 2944 வாட். இரு கணக்குகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஆகவே நல்ல நிலையில் உள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் கொண்ட மின்சுற்றுக்கு, ஒரே நேரத்தில் 3000 வாட் என்பதை நம் வரவாக வைத்துக்கொள்வோம். செலவு வரவுக்குள் அடங்க வேண்டும்.

சமையலறையில் குளிர்பதனப் பெட்டி 200, இண்டக்‌ஷன் அடுப்பு 2000, கெட்டில் 1500, மிக்சி 750. எல்லாம் சேர்ந்தால் 4450 வாட், 19.3 ஆம்பியர். இது கூடாது. எவை எவை சேரலாம் என்று பார்ப்போம்:

குளிர்பதனப் பெட்டி + அடுப்பு + மிக்சி = 2950 வாட். சேரலாம்.
குளிர்பதனப் பெட்டி + கெட்டில் + மிக்சி = 2450 வாட். சேரலாம்.
குளிர்பதனப் பெட்டி + அடுப்பு + கெட்டில் = 3700 வாட். சேரக் கூடாது.

ஆகவே இந்த வீட்டுக்குரிய சட்டம் ஒரே வரியில் அடங்கிவிட்டது: “அடுப்பும் கெட்டிலும் ஒன்றாக ஓடக் கூடாது.” இதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால் பாட்டி முதல் தம்பி வரை எல்லாரும் கடைப்பிடிக்கலாம். முதலில் கெட்டிலில் வெந்நீர், பின்பு அடுப்பில் சமையல். ஐந்து நிமிடப் பொறுமைதான் இதற்கு விலை.

ஓர் எச்சரிக்கை. இஸ்திரிப் பெட்டி, கீசர் ஆகியவை சூடு ஏறியதும் தாமே நின்று, ஆறியதும் மீண்டும் இயங்கும். ஒரு நாள் இரண்டையும் சேர்த்துப் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவருக்கு, ஒன்று ஓடும்போது மற்றது நின்றிருக்கலாம். கூட்டும்போது எப்போதும் முழு வாட்டையே கூட்ட வேண்டும்.

மறதி எல்லாருக்கும் உரியது. ஆதலால் இரு பெரிய சாதனங்கள் ஒரே மின்சுற்றில் இருந்தே தீர வேண்டுமானால், இடையில் ஒரு மாற்று ஸ்விட்ச் வைக்கலாம். மேலே தள்ளினால் கீசர், கீழே தள்ளினால் அடுப்பு. இரண்டும் சேர்ந்து ஓட வழியே இராது. அந்த ஸ்விட்ச் சாதனத்தின் முழுப் பளுவையும் தாங்கும் தரமுடையதாக இருக்க வேண்டும். இதனை உரிமம் பெற்ற வயர்மேன் மட்டுமே செய்ய வேண்டும். நாம் கை வைக்கலாகாது.

விடுதியில் ஏன் தடை?

விடுதியில் வாழும் தோழியருக்கு ஒரு மனக்குறை. “சிறிய கெட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? சகோதரியர் ஏன் அனுமதிப்பதில்லை?” என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேர்வுக் காலத்தில் இரவு பத்து மணிக்கு ஐந்து அறைகளில் ஐந்து கெட்டில்கள் கொதிக்கின்றன என வைத்துக்கொள்வோம். 7500 வாட், 32 ஆம்பியருக்கு மேல். அறைகளில் உள்ள சிறிய பிளக்குகளோ பெரும்பாலும் விளக்கு மின்சுற்றைச் சேர்ந்தவை. நீரில் முக்கும் ஹீட்டர் கம்பியோ இன்னும் கொடியது. நீர் வற்றினாலும் அது தானே நிற்காது, வாளி நீரைத் தொட்டவருக்கு அதிர்ச்சியும் தரலாம். தடைக்குப் பின்னால் கண்டிப்பு மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது.

அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

பிளக்கைக் கழற்றும்போது கை சுடுதல், சாக்கெட் பழுப்பாதல், சடசடவென்ற ஓசை, பிளாஸ்டிக் கருகும் நாற்றம், கீசர் போட்டதும் விளக்கு மங்குதல், எம்.சி.பி. அடிக்கடி விழுதல். இவற்றில் எதைக் கண்டாலும் அந்தச் சாதனத்தை நிறுத்தி, வீட்டாரிடம் சொல்லி, வயர்மேனை அழைக்க வேண்டும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. போடுவதும், ஃப்யூஸ் போகிறது என்று இரண்டு மூன்று இழை சேர்த்துக் கட்டுவதும், காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். மூன்று முனைப் பிளக்கில் உள்ள பெரிய எர்த் முனையை ஒடித்துவிட்டுப் பயன்படுத்துவதும் அவ்வாறே.

மின்சாரத்தால் தீப்பற்றினால் முதலில் மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலோ, மின்தீக்கு ஏற்ற தீயணைப்புக் கருவியோ பயன்படுத்தலாம். தீ பெரிதாயின் வீட்டிலுள்ளோர் அனைவரையும் வெளியேற்றி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும்.

பயிற்சி

1. 2000 வாட் கீசர், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, 1200 வாட் கூந்தல் உலர்த்தி மூன்றும் ஒரே 16 ஆம்பியர் மின்சுற்றில் சேர்ந்து ஓடலாமா?
2. 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மடிக்கணினி 65 வாட், தொலைக்காட்சி 100 வாட், மேசை விசிறி 50 வாட், விளக்கு 9 வாட் செருகலாமா? இவற்றுடன் இஸ்திரிப் பெட்டியையும் சேர்க்கலாமா?
3. மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 15 ஆம்பியர் ஆனால் கம்பியில் வெப்பம் எத்தனை மடங்காகும்?

விடைகள்: (1) கூடாது. மொத்தம் 4200 வாட், 18.3 ஆம்பியர். (2) முதல் நான்கும் சேர்ந்து 224 வாட், ஏறத்தாழ 1 ஆம்பியர், செருகலாம். இஸ்திரிப் பெட்டியைச் சேர்த்தால் 5.3 ஆம்பியர், பெட்டியின் எல்லையை நெருங்குவதால் அதனைச் சுவர்ச் சாக்கெட்டில் தனியே செருகுவதே முறை. (3) ஒன்பது மடங்கு.

தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு, சாதனங்களை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின், அவற்றின் தகடுகளைப் படியுங்கள். எந்தப் பிளக் எந்த எம்.சி.பி.யில் சேர்ந்தது என்று பெரியோர் துணையுடன் கண்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள். வாட்டைக் கூட்டுங்கள். 3000ஐத் தாண்டும் சேர்க்கை எது என்று கண்டு, அதை அம்மாவிடம் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிய பிறகு, நம் வீட்டு ஃப்யூஸ் பெட்டியைப் பற்றி யாரேனும் கேட்டால், அண்ணன் வரும்வரை காத்திராமல் நாமே விடை சொல்லலாம்.